கதவோரம் ஒரு மஞ்சள் கவுன்

பார்வை இல்லாதவரோடு படி இறங்கும்போது வழிகாட்டி ஒரு படி முன்னால் போக வேண்டும். முதல் படிக்கு முன்பே நின்று, "படி, கீழே" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் பொறுக்க வேண்டும். எங்களுக்கு நடந்த பயிற்சியில் இதை மட்டுமே ஒரு முழுக் காலை சொல்லிக்கொடுத்தார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டைச் சோதனை போட்ட உங்கள் ஆட்கள் அந்த நோட்டை எடுத்திருப்பார்கள்.

அதனால், தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் சொல்லப் போவதில்லை, மேடம்.

நேற்று கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு இடம் சரியில்லை. அதைத் திருத்தத்தான் உங்களை மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். முதலிலிருந்து சொன்னால்தான் அந்த இடம் விளங்கும்.

என் பெயர் ருஜ்ஜெரோ தாஃபானி. வயது அறுபத்து மூன்று. ஃப்ளோரன்ஸில் உரிமம் பெற்ற வழிகாட்டி. ஆற்றங்கரை அருங்காட்சியகத்தை முப்பத்தைந்து வருஷமாகச் சுற்றிக் காட்டுகிறேன். குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரை மேய்த்துப் போகிற ரகம் இல்லை. ஒருத்தர், இரண்டு பேர், மிஞ்சினால் ஒரு குடும்பம். தனியாகப் பார்க்க வருகிறவர்கள் அதிகம் கேள்வி கேட்பார்கள். எனக்கு அது பிடிக்கும். பேசுவதற்கு எனக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆர்ஜியா மன்னெல்லியை முதலில் பார்த்தது பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தங்கை இனெஸ் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார். வெள்ளைக் கம்பு, கறுப்புக் கண்ணாடி, நல்ல சாம்பல் நிறக் கோட்டு.

"இவளுக்குப் படம் பாக்கணுமாம். நீங்க சிரிக்கிறதுன்னா சிரிச்சிடுங்க. நான் வீட்டுலயே சிரிச்சு முடிச்சிட்டேன்" என்றார் இனெஸ்.

"கண்ணு ரெண்டும் இருக்கிறவ நீ. இந்த ஊர்ல பொறந்து எத்தனை தடவை இதுக்குள்ள போயிருக்க? பள்ளிக்கூடத்துல கன்னியாஸ்திரிங்க வரிசையா இழுத்துட்டுப் போனாங்க, அதோட சரி. போடி, போய் மீன் வாங்கு. என்னை இவர் பாத்துக்குவார்."

இனெஸ் போய்விட்டார். ஆர்ஜியா என் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு கம்பை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டார்.

"கம்பை வச்சுக்கங்க, சிஞ்ஞோரா மன்னெல்லி" என்றேன்.

"உங்க முழங்கை இருக்கும்போது கம்பு எதுக்கு? ரெண்டு பேர் சொல்றதை ஒரே நேரத்துல கேக்க முடியாது. அப்புறம், நீங்க காலையிலேயே மாட்டுக்குடல் வச்ச ரொட்டி தின்னுட்டு வந்திருக்கீங்க. பச்சைச் சட்னி கொஞ்சம் அதிகம்."

உண்மைதான். சட்டையில்கூட ஒரு துளி விழுந்திருந்தது.

பார்வை எப்போது போனது என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது. அதுவும் அந்தப் பயிற்சியில் சொன்னதுதான்: வாடிக்கையாளர் தாமாகச் சொன்னால் ஒழிய நீங்களாகக் கேட்காதீர்கள். "சின்ன வயசுலயே போச்சு" என்று அவராக ஒரு தடவை சொன்னார். கைக்குழந்தையாக இருந்தபோது என்று நான் எடுத்துக்கொண்டேன். பதினொரு வருஷமும் அப்படியே நினைத்திருந்தேன்.

ஆர்ஜியா ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிஃபோன் ஆபரேட்டராக முப்பது வருஷம் இருந்தவர். லிஃப்டில் மேலே போகும்போது சொன்னார்: "ஒருத்தன் 'ஹலோ'ங்கிறதுலயே எனக்குத் தெரிஞ்சிடும், பொண்டாட்டிக்குப் பிரசவமா, அப்பனுக்குச் சீரியஸான்னு. குரல் பொய் சொல்லாது, ருஜ்ஜெரோ. ஆளுதான் பொய் சொல்லும்."

நான் சிரித்தேன். எல்லா வாடிக்கையாளருக்கும் இப்படி ஒரு பெருமை இருக்கும்.

பெரிய பெயர் பெற்ற படங்களுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் ஒரு மங்கள வார்த்தைப் படம். தேவதூதன் மரியாளிடம் வந்து செய்தி சொல்கிற காட்சி. வரைந்தவர் பெயர் தெரியாது. யாரும் நிற்க மாட்டார்கள். ஆர்ஜியா நிற்கச் சொன்னார். சொல்ல ஆரம்பித்தேன். இடது பக்கம் தேவதூதன், மண்டியிட்டு. கையில் லில்லி, மூன்று பூ. மரியாள் மடியில் புத்தகம், விரல் ஒரு பக்கத்தில் செருகியிருக்கிறது. பின்னால் தோட்டத்துச் சுவர், சுவருக்கு மேலே ஐந்து சைப்ரஸ் மரம். வலது ஓரத்தில் ஒரு கதவு, பாதி திறந்திருக்கிறது.

"கதவு ஏன் திறந்திருக்கு?" என்றார் ஆர்ஜியா. "அங்க யாராவது நிக்கிறாங்களா?"

யாரும் இல்லை. அந்தப் படத்தில் கதவுக்குப் பின்னால் இருட்டு மட்டும்தான்.

"ஒரு சின்னப் பொண்ணு நிக்கிறா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அப்போது தெரியவில்லை. என் வாய் சொன்னதை என் காது கேட்டது. முழங்கையைப் பிடித்திருந்த ஆர்ஜியாவின் கை கொஞ்சம் இறுகியது.

"எத்தனை வயசிருக்கும்?"

"ஒம்பது."

"என்ன உடுத்தியிருக்கா?"

"மஞ்சள் கவுன்."

அந்த அறையின் காவலர் நெல்லோ நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்ப்பா ருஜ்ஜெரோ, இந்த நாற்காலியில உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே தேஞ்சு போச்சு. எனக்குத் தெரியாம எந்தப் பொண்ணை உள்ள விட்ட?"

"உங்களுக்கு மூக்கு நுனி வரைக்கும்தான் தெரியுது போல. கண்ணாடியை மாத்துங்க" என்றார் ஆர்ஜியா, அவர் பக்கம் திரும்பாமலே.

நெல்லோ சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என்ன நிறம்னு சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். மஞ்சள் என்றேன். எழுந்துபோய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றுகொண்டார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

நெல்லோவுக்குத் தெரியும். அதற்கு ஆறு வருஷம் முன்னால், ஒரு ஜூன் மாதம், கீழே ஓடிப்போய் என் மகள் டிலெட்டாவின் மேல் சீருடைக் கோட்டைக் கழற்றிப் போர்த்தியவர் அவர்தான்.

அதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. என் மனைவி லொரெடானாவுக்கு வேலை. டிலெட்டாவை நான் கூட்டி வந்தேன். கீழே தூண் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு பீச் பழம் கொடுத்து, பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றேன். மேலே ஒரு கனடாக்காரத் தம்பதிக்குக் கடைசி அறைகளைக் காட்டிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அந்த அம்மாள் அந்த மங்கள வார்த்தைப் படத்தைக் காட்டி, அந்தக் கதவு ஏன் திறந்திருக்கிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. பதினொரு நிமிஷம் பதில் சொன்னேன். நடுவில் ஜன்னல் வழியாகச் சைரன் சத்தம் கேட்டது. அந்த அம்மாளுக்கு நான் பேசுவது கேட்கவில்லை. நானே போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து தொடர்ந்தேன்.

ஆற்றில் துடுப்புப் படகுகள் போயிருக்கின்றன. பார்க்கச் சாலையைத் தாண்டியிருக்கிறாள். ஒரு வேன். ஓட்டியவன் மேல் தப்பில்லை என்று கோர்ட்டு சொன்னது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று சொன்னேனே தவிர, இந்த இடத்தை விட்டு அசையாதே என்று சொல்லவில்லை.

லொரெடானா லிவோர்னோவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஃபோட்டோக்களை எல்லாம் எடுத்துக்கொண்டாள். ஒன்றாவது விட்டுப் போ என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு? இல்லாததையே இருக்கிற மாதிரி சொல்லிப் பொழைக்கிறவன்தானே நீ. சொல்லிக்கோ" என்றாள். அதற்குப் பிறகு டிலெட்டாவைப் பற்றிப் பேச எனக்கு ஒரு இடமும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

ஆர்ஜியா அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்த செவ்வாயும். மற்ற அறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்போம். ஆனால் கடைசி அரைமணி நேரம் அந்தக் கதவுக்குத்தான். இடது புருவத்தில் தழும்பு. முன்பல் ஒன்று விழுந்து புதுப்பல் பாதி முளைத்திருக்கிறது. வலது செருப்பின் வார் அவிழ்ந்திருக்கிறது. கட்டச் சொன்னால் கட்ட மாட்டாள். தலைமுடியைச் சீவ விட மாட்டாள். ஒரு ஓவியத்தைப் பார்த்து இதையெல்லாம் சொல்ல முடியாது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. ஆர்ஜியாவும் கேட்கவில்லை.

பொட்டலத்தில் பாதாம் பிஸ்கட் கொண்டுவருவார். கல் மாதிரி இருக்கும். "பல்லு உடைஞ்சா என் மேல கேஸ் போடாதீங்க" என்பார். ஒன்றை எடுத்துத் தனியாக என் கோட்டுப் பையில் போடுவார். "இது கதவோரம் நிக்கிறவளுக்கு."

ஒருநாள் தடுமாறிவிட்டேன். கையில் பாதி கடித்த பேரிக்காய் என்று சொல்லிவிட்டேன்.

"போன வாரம் பீச்சுன்னீங்களே" என்றார் ஆர்ஜியா.

எனக்கு வியர்த்துவிட்டது.

"சரி விடுங்க. ரெண்டும் தின்னட்டும். வளர்ற பொண்ணு."

அந்த நல்ல மனதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தில் ஆர்ஜியாவைப் பற்றி ஒரு தவறான வார்த்தை வரக்கூடாது என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த ஜனவரியில் அவர் வாசலுக்கு வந்தபோதே முகம் வேறு மாதிரி இருந்தது.

"என் முறை வந்துடுச்சு, ருஜ்ஜெரோ. மார்ச் பதினாலு. புதுக் கருவிழி வைக்கப் போறாங்க. ரெண்டு கண்ணுல ஒண்ணாவது தேறும்னு டாக்டர் சொல்றார். ஒண்ணு போதும் எனக்கு."

நல்லது என்றேன். என் குரல் சரியாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

"கட்டு அவுத்ததும் முதல்ல இங்கதான் வருவேன். நீங்க கூட்டிட்டுப் போகணும். அந்தக் கதவுக்கு முன்னால நிக்கணும். உங்க மூஞ்சியைக்கூட அப்புறம் பாத்துக்கறேன். அது எங்கயும் ஓடிடாது, என்ன?"

அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. நான் அவசரப்பட்டுச் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது தவறு. எல்லா வழியையும் யோசித்தேன். படத்தைப் பழுதுபார்க்க எடுத்துப் போய்விட்டார்கள் என்று சொல்லலாம். திரும்பி வரும் வரை காத்திருப்பார், பொறுமைசாலி. நான் வேறு ஊருக்குப் போய்விடலாம். இனெஸைக் கூட்டிக்கொண்டு அவராகவே போய் நிற்பார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். முயற்சி செய்தேன். பிப்ரவரியில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், பாலத்துக்குப் பக்கத்தில், வாயைத் திறந்தேன். அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம், "டிலெட்டா அங்கே இல்லை." பதினேழு வருஷத்துக்கு முன்னால் சவக்கிடங்கில் துணியை விலக்கிக் காட்டி இவள்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அது ஒரு தடவை. இரண்டாவது தடவை எந்தத் தகப்பனையும் யாரும் கேட்கக் கூடாது.

"என்ன, வாயைத் தொறந்துட்டு நிக்கிறீங்க? ஈ போயிடும்" என்றார் ஆர்ஜியா. பஸ் வந்துவிட்டது.

ஆர்ஜியாவைப் பற்றியும் யோசித்தேன். முக்கியமாக அதைத்தான் யோசித்தேன். அறுபத்தொரு வயதில் கண் திறந்து, ஆசையோடு முதன்முதலாகப் போய்ப் பார்ப்பது ஒரு காலிக் கதவு. பதினொரு வருஷம் பிஸ்கட் கொடுத்தது ஒரு இருட்டுக்கு என்று தெரிந்தால் அவர் மனசு என்னவாகும்? அந்த ஏமாற்றம் அவருக்கு வரக்கூடாது. நான் செய்தது அதற்காகத்தான். இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச் ஏழு, செவ்வாய்க்கிழமை. ஆபரேஷனுக்கு ஒரு வாரம். ஆர்ஜியா புதுச் செருப்பு போட்டு வந்திருந்தார். "கண்ணு வர்றதுக்குள்ள கால் பழகட்டும்னு வாங்கினேன்" என்றார். வழக்கம் போல மேலே போனோம். வழக்கம் போல அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம். அன்றைக்கு நான் அதிகம் பேசவில்லை. அவர்தான் பேசினார்.

"அடுத்த தடவை நான் சொல்றேன், நீங்க கேளுங்க" என்றார்.

கிளம்பினோம். பதினொரு வருஷமும் லிஃப்டில்தான் ஏறி இறங்கியிருக்கிறோம். அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். வேலை செய்துகொண்டுதான் இருந்தது. சிலைகள் இருக்கிற தாழ்வாரத்தைக் கடந்து கல் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனேன். அந்தப் பக்கம் ஆர்ஜியாவின் கால்களுக்குப் பழக்கம் இல்லை. கூட்டம் முன்னால் இறங்கிப் போகும் வரை பொறுத்தேன். படிக்கு நான்கு அடி இருக்கும்போது, ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டது, ஒரு நிமிஷம் என்று சொல்லி முழங்கையை விடுவித்துக்கொண்டேன்.

நேற்று சொன்னது இது: "நான் தள்ளவில்லை. தொடவும் இல்லை. படி என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்." காமெராப் பதிவும் அதைத்தான் காட்டுகிறது. அதில் சத்தம் கிடையாது. உங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அது சரியல்ல. ஆர்ஜியா தானாக நடக்கவில்லை. நின்றார். முகத்தைக் கொஞ்சம் தூக்கினார்.

"காத்து கீழேருந்து வருது, ருஜ்ஜெரோ. பக்கத்துல படியா?"

"இல்லை. ஜன்னல் திறந்திருக்கு. சமதரைதான். வாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவது அடியில் தரை இல்லை.

கீழே நான்தான் முதலில் போனேன். ஆர்ஜியாவுக்கு மூச்சு இல்லை. புதுச் செருப்பில் ஒன்று பாதிப் படியில் கிடந்தது. அதை எடுத்து அவர் காலில் மாட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். அர்த்தம் ஒன்றும் இல்லை.

ஏன் இதை நானாகத் திருத்துகிறேன் என்று கேட்பீர்கள். நேற்று மாலை இனெஸின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள் அல்லவா, அதனால்தான்.

ஆர்ஜியாவுக்குக் கண் போனது பதிமூன்று வயதில் என்று அதில் இருந்தது. அப்பா வேலை செய்த கட்டடத்தில், சுண்ணாம்புத் தொட்டி. அதற்கு முந்தின வருஷம் கன்னியாஸ்திரிகள் அருங்காட்சியகத்துக்கு வரிசையாகக் கூட்டிப் போனபோது, அந்தச் சின்னப் படத்துக்கு முன்னால் நின்று, "கதவு ஏன் திறந்திருக்கு, அங்க யாருமே இல்லையே" என்று கேட்டுக் காதில் திருகு வாங்கினாராம். கண் போன பிறகும் அந்தக் கதவு மட்டும் ஞாபகத்தில் நின்றதாம். இந்த ஊரில் பிறந்த எல்லோரையும் அப்படி ஒரு தடவை இழுத்துப் போவார்கள். என்னையும் இழுத்துப் போனார்கள். பார்வை இல்லாத ஒருத்தரும் அந்த வரிசையில் நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் நாள் வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் சொன்னாராம்: "ஆளு எதையாவது முழுங்கறாரான்னு பாக்கத்தான் கதவைப் பத்திக் கேட்டேன். முழுங்கலை, இனெஸ். இல்லாததைச் சேத்தார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் ஃபோன்ல கேட்டிருக்கேன். பிள்ளையைப் பறிகொடுத்தவன் குரல்."

போன மாதம் சொன்னதையும் படித்தீர்கள். "கட்டு அவுத்ததும் அவரைக் கூட்டிட்டுப் போய் அந்தப் படத்துக்கு முன்னால நிப்பேன். ஆமா, இருக்கா, நீங்க சொன்ன மாதிரியே இருக்கான்னு சொல்லணும். குருடி சொன்னா அவர் மனசு நம்பாது. கண்ணு இருக்கிறவ சொன்னா நம்பும்ல?"

அப்படியென்றால் படிக்கட்டுக்கு முன்னால் என் குரலில் இருந்த பொய்யும் அவருக்குக் கேட்டிருக்கிறது. அதனால்தான் சிரித்தார். பதினொரு வருஷமாக என் பொய் எதுவும் அவருக்குக் கெடுதல் செய்ததில்லை. இதுவும் அந்த வகை என்று நினைத்துக் காலை எடுத்து வைத்திருக்கிறார்.

அந்த இடத்தில் நீங்கள் படிப்பதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள். அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ. நான் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். இனெஸ் சொன்னதில் எல்லாம் இருந்தது. மஞ்சள் கவுன். இடது புருவத்துத் தழும்பு. பாதி முளைத்த பல். வார் அவிழ்ந்த செருப்பு. ஒவ்வொரு செவ்வாயும் ஆர்ஜியா வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேஜையில் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். கையில் இருக்கிற பழம் மட்டும் பீச்சா, பேரிக்காயா என்று இனெஸுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

எனவே டிலெட்டா இன்னும் ஒருத்தர் மனதில் நிற்கிறாள். எனக்கு நேற்று நல்ல தூக்கம் வந்தது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சிறையில் பார்வையாளர்களுக்கு நாள் ஒதுக்குவார்கள் இல்லையா? இனெஸிடம் கேட்டுப் பாருங்கள், செவ்வாய்க்கிழமைகளில் வர முடியுமா என்று. அரைமணி நேரம் போதும். பழம் பீச்தான் என்பதை முதலில் சொல்லிவிட்டு ஆரம்பிப்பேன். கஷ்டப்படுத்த மாட்டேன். எதிரெதிரே உட்கார்ந்துதான் பேசுவோம். படி எதுவும் இறங்க வேண்டியிருக்காது என்று சொல்லுங்கள்.